பக்கத்து வீட்டு வேல்ஸ்காரரும் மெத்தை கட்டிய ரக்பியும்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வேல்ஸ் நாட்டவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நிலக்கரிச் சுரங்கம் இருந்த ஒரு சின்ன ஊரில் பிறந்து, லண்டன் வால்தம்ஸ்டோவில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறார். ஆனாலும் ரக்பி சீசன் வந்துவிட்டால் வாசலில் சிவப்பு டிராகன் கொடி ஏறிவிடும். வேல்ஸ் தோற்றால் அந்த வீட்டுக் குப்பைத் தொட்டிகூட மறுநாள் தெருவுக்கு வராது. ஐரோப்பாவின் ஆறு நாடுகள் மோதும் ரக்பி போட்டியான சிக்ஸ் நேஷன்ஸில், 2024-இல் வேல்ஸ் ஆடிய ஐந்து ஆட்டத்திலும் தோற்றுக் கடைசி இடத்துக்குப் போனது. அந்த பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அவர் தொட்டியை நானே இரண்டு முறை தள்ளிக்கொண்டு போய் வைத்தேன்.

அந்தத் தோல்விகளுக்கெல்லாம் அவரிடம் ஒரே ஒரு காரணம்தான் உண்டு. லூயிஸ் ரீஸ்-ஸாமிட். வேல்ஸின் மின்னல் வேக விங் ஆட்டக்காரர். சிக்ஸ் நேஷன்ஸ் அணியை அறிவிக்கும் நாளன்றே, “ரக்பியை விடுகிறேன், அமெரிக்கன் ஃபுட்பால் ஆடப் போகிறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். முதலில் அங்கே கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி. அங்கே நிலைக்கவில்லை. அப்புறம் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸின் பயிற்சி அணி. பயிற்சி அணி என்றால் வாரம் முழுக்க மற்றவர்களோடு சேர்ந்து வியர்வை சிந்தலாம், ஆட்டத்தன்று ஓரமாக நிற்கலாம். கிரிக்கெட்டில் தண்ணீர் பாட்டில் கொண்டு போகும் பன்னிரண்டாவது ஆளுக்குக்கூடக் கொஞ்ச நேரம் மைதானத்தில் கால் வைக்கக் கிடைக்கும்.

“போயும் போயும் அந்த விளையாட்டுக்கா போனான்?” என்று வேலி ஓரம் நின்று புலம்புவார் வேல்ஸ்காரர். “மெத்தையைக் கட்டிக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஐந்து விநாடி ஆடிவிட்டு அரை நிமிடம் கூடி நின்று பேசுவார்கள். அது விளையாட்டா, கமிட்டி மீட்டிங்கா?”

நான் தலையாட்டி வைப்பேன். எனக்கு ரக்பியும் தெரியாது, அதுவும் தெரியாது. இரண்டிலும் பந்து முட்டை மாதிரி இருக்கும் என்பது மட்டும் தெரியும்.

இப்படி இருக்கையில் 2024 அக்டோபர் 12, சனிக்கிழமை இரவு கதவைத் தட்டினார். மறுநாள் டாட்டன்ஹாம் மைதானத்தில் ஜாகுவார்ஸுக்கும் சிகாகோ பேர்ஸுக்கும் ஆட்டம். அவருடைய மகள் தன் கணவனுக்கும் அப்பாவுக்குமாக இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள். மருமகன் அன்று மத்தியானம் உள்ளூர் கிளப்புக்கு ரக்பி ஆடப் போய்த் தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

“மெத்தை கட்டியிருந்தால் முறிந்திருக்காது” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“ஒரு டிக்கெட் வீணாகப் போகிறது. நீங்கள் வருகிறீர்களா? எனக்கு இதில் ஆர்வமே கிடையாது. மகள் மனசு கஷ்டப்படுமே என்றுதான் போகிறேன்.”

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “ஏங்க, போயிட்டு வாங்க. வீட்ல இருந்தாலும் சோபாவுலதானே கிடக்கப் போறீங்க.”

சரி, போகிறதென்று ஆனபிறகு ஒன்றும் தெரியாமல் போய் முழிக்கக் கூடாது என்று இரவு ஒரு மணி வரை வீடியோ பார்த்துப் படித்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. பாதி ராத்திரியில் திடீரென்று ஞானம் பிறந்தது. இதைப் போய் எல்லோரும் ரக்பியோடு ஒப்பிடுகிறார்களே, இது கிரிக்கெட் அல்லவா! ரக்பியில் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். இதிலோ ஒரு பந்து போடுவது மாதிரி ஒரு ஆட்டம், அப்புறம் நிறுத்தம், ஆளை மாற்றி நிறுத்துவது, யோசிப்பது, அடுத்த பந்து. நாலு பந்தில் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு பந்து. இல்லையென்றால் பேட்டிங் அடுத்தவனுக்கு. இதை வேல்ஸ்காரருக்கு எப்படி விளக்குவது என்பதுவரை மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன். வேல்ஸின் கிளமார்கன் கவுண்டி அணியின் கிரிக்கெட் பார்ப்பவர்தானே, சட்டென்று பிடித்துக்கொள்வார்.

மறுநாள் செவன் சிஸ்டர்ஸ் நிலையத்தில் இறங்கி ஹை ரோட்டில் நடந்தோம். அவர் வீம்புக்கு வேல்ஸ் ரக்பி சட்டை போட்டு வந்திருந்தார். என் கோட்டுப் பையில் முறுக்கு.

அந்தத் தெருவைப் பார்த்து நான் குழம்பிவிட்டேன். ஆடுவது இரண்டே அணிகள். ஆனால் எதிரில் வருகிறவன் கிரீன் பே சட்டை, முந்திப் போகிறவள் டல்லாஸ், பேருந்து நிறுத்தத்தில் ஒரு குடும்பமே பிட்ஸ்பர்க். என்.எஃப்.எல். என்ற அந்த அமெரிக்க லீகில் 32 அணிகள் உண்டு. அன்றைக்கு அந்த ரோட்டில் 32-உம் நடந்து போயிருக்கும் என்றுதான் தோன்றியது. பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கும் பட்டுப்புடவை உடுத்தி வந்து நிற்பது போல இருந்தது. யாருக்கும் யாரோடும் சண்டையில்லை. இதே ரோட்டில் டாட்டன்ஹாமும் ஆர்சனலும் மோதும் நாளில் தப்பான சட்டையோடு நடந்து பாருங்கள், தெரியும்.

உள்ளே போனால் முதல் அதிசயம் பீர். கோப்பையை மிஷின்மேல் வைத்தால் அடியிலிருந்து ஊறி நிரம்புகிறது. “பீரைக்கூடத் தலைகீழாக ஊற்றுகிறார்கள்” என்று அவர் முகத்தைச் சுளித்தார். சுளித்தபடியே இரண்டு வாங்கினார். இங்கிலாந்தின் பெரிய ஆண்கள் கால்பந்து லீகுகளில் ஆடுகளம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் உட்கார்ந்து குடிக்க 1985-இலிருந்து சட்டம் விடுவதில்லை. ரக்பிக்கும் இதற்கும் அந்தத் தடை கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு விளையாட்டும் சமம் என்று ஒப்புக்கொண்டார்.

2:30-க்கு ஆட்டம் தொடங்கியது. நான் வகுப்பைத் தொடங்கினேன். டாட்டன்ஹாமின் புல்தரை மூன்று துண்டாகப் பிரிந்து தெற்கு ஸ்டாண்டுக்கு அடியில் போய்விடும், இப்போது நாம் பார்ப்பது அதற்குக் கீழே இருந்த செயற்கைத் தரை என்றேன். “அப்படியா?” என்றார். நாலு பந்து, 10 கெஜம் என்றேன். “ஓஹோ” என்றார். இவ்வளவு அடக்கமான மாணவன் எனக்கு வாய்த்ததே இல்லை. என் மகன்கூடக் கூட்டல் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு முறை கொட்டாவி விடுவான்.

வகுப்புக்கு நடுவே அவருக்கும் சில சந்தேகங்கள் வந்தன. எல்லாம் வில்லங்கமான சந்தேகங்கள்.

“இதற்கு ஏன் டச் டவுன் என்று பெயர்? பந்தைத் தரையில் வைக்கவே இல்லையே?”

வைக்க வேண்டியதில்லை, கோட்டைப் பந்து தொட்டாலே 6 புள்ளி என்றேன். “ரக்பியில் தரையில் அழுத்தி வைத்தால்தான் 5 புள்ளி. ஆனால் அதற்குப் பெயர் ட்ரை, முயற்சி. நாங்கள் செய்து முடித்துவிட்டு முயற்சி என்கிறோம். இவர்கள் முயற்சியோடு நிறுத்திக்கொண்டு செய்துவிட்டோம் என்கிறார்கள்” என்றார். ரக்பியில் ஒரு காலத்தில் அதற்குப் புள்ளியே கிடையாது, கோலை நோக்கி உதைத்துப் பார்க்கும் உரிமை மட்டும்தான், அதனால்தான் அந்தப் பெயர் என்பதையும் அவரே சொன்னார்.

அடுத்தது டச் டவுனுக்குப் பிறகு வரும் கூடுதல் புள்ளிக்கான உதை. “ரக்பியில் ஓரத்தில் ட்ரை வைத்தால் அதே ஓரத்துக்கு நேர் பின்னால் போய்த்தான் உதைக்க வேண்டும். இங்கே எங்கே வைத்தாலும் நட்டநடுவிலிருந்தா? இதை என் பாட்டி உதைப்பாள்.”

எனக்குப் பதில் தெரியவில்லை. முறுக்கை நீட்டினேன்.

இடையில் டிவி விளம்பரத்துக்கென்று ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அறுபது நிமிட ஆட்டம் மூன்று மணி நேரம் இழுக்கும். 2010-இல் ஒரு அமெரிக்க நாளிதழ் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணக்கெடுத்ததில், பந்து உண்மையில் ஆட்டத்தில் இருந்தது சுமார் 11 நிமிடம்தான் என்று வந்தது. வீடியோவில் படித்த இந்தத் தகவலை அவிழ்த்துவிட்டு, அவர் கொதித்து எழுவார் என்று காத்திருந்தேன். மனிதர் சாவகாசமாக முறுக்கைக் கடித்தபடி, “ஆமாம், பேசிக்கொண்டிருக்க வசதி” என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் அந்தச் சம்பவம். பேர்ஸ் ஆள் ஒருவர் அடிபட்டு வெளியே போனார். பந்தை உதைக்கும் நேரத்தில் மட்டும் வந்து, குனிந்து, கால் இடுக்கு வழியாகப் பின்னால் பந்தைத் தள்ளுகிறவர். அந்த ஒரே வேலைக்காகவே சம்பளம் வாங்குகிறவர். நான் அவரைக் கவனிக்கக்கூட இல்லை.

“அடடா, லாங் ஸ்னாப்பர் போய்விட்டானே! அவனுக்கு மாற்று ஆள் யாரும் வைத்திருக்க மாட்டார்களே” என்றார் வேல்ஸ்காரர்.

நான் திரும்பிப் பார்த்தேன். ராத்திரி ஒரு மணி வரை படித்த எனக்கே இந்தச் சொல் பாடத்தில் வரவில்லை.

“என்ன ஸ்னாப்பர்?”

அவர் பீர்க் கோப்பைக்குள் பார்வையை விட்டார். அடியிலிருந்து பதில் ஊறும் என்று நினைத்தாரோ என்னவோ.

“கோல் கம்மட் வந்து தள்ளுவான் பாருங்கள்” என்று முணுமுணுத்தார். நிஜமாகவே கோல் கம்மட்தான் வந்தார். அவர் பாஸ் பிடித்து ஓடும் ஆட்டக்காரர். அன்றைக்கு இரண்டு டச் டவுனும் போட்டுவிட்டு, ஊடே இந்தக் குனிந்து தள்ளும் வேலையையும் பார்த்தார். முதல் முறை பந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததும் பக்கத்தில் ஒரு கூச்சல் கேட்டது. சிவப்பு வேல்ஸ் சட்டைக்குள்ளிருந்துதான்.

முழுப் பூசணிக்காயை இத்தனை வருடமாகச் சோற்றில் மறைத்து வைத்திருந்திருக்கிறார் மனிதர்!

மெல்ல மெல்லக் கதை வெளியே வந்தது. 1982-இல் சேனல் 4 ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்த விளையாட்டைக் காட்டத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயது. அப்பா சுரங்கத் தொழிலாளி, ஊர் கிளப்பில் ரக்பி ஆடியவர். அப்பா தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்திருக்கிறார். 1986 ஆகஸ்டில் சிகாகோ பேர்ஸும் டல்லாஸ் கவ்பாய்ஸும் வெம்ப்லியில் ஆட வந்தபோது, லண்டனில் வேலைக்கு நேர்காணல் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். ‘ஃபிரிட்ஜ்’ என்று செல்லப் பெயர் பெற்ற வில்லியம் பெரி, நிஜமாகவே ஃபிரிட்ஜ் அளவு ஆள், அன்று ஒரு டச் டவுன் போட்டார். பேர்ஸ் 17-6 என்று வென்றது.

“அப்பா, வேலை கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். வெள்ளைக்காரத் துரைமார் வேல்ஸ்காரனுக்கு எங்கே வேலை கொடுப்பார்கள் என்று ஒரு வாரம் லண்டனைத் திட்டிக்கொண்டிருந்தார்” என்றார். ‘வெள்ளைக்காரத் துரைமார்’ என்பது என் மொழிபெயர்ப்பு. அவர் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது.

“அப்படியானால் வேலியோரம் நின்று அவ்வளவு திட்டுகிறீர்களே?”

“திட்டாமல்? ரக்பி எனக்கு அப்பா கொடுத்தது. தோற்றால் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. இது நானாகப் பிடித்தது. சிகாகோவை நான் பார்த்ததுகூட இல்லை. அவர்கள் தோற்றால் டிவியை அணைத்துவிட்டுப் போய்த் தூங்குவேன். ஒரு மனிதனுக்கு அப்படி ஒன்றாவது வேண்டாமா?”

ஹை ரோட்டில் பார்த்த 32 சட்டைகளும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. கிரீன் பே சட்டைக்காரனுக்கும் ஏதோ ஒரு கால்பந்து அணி வீட்டில் வாழ்நாள் தண்டனையாக இருக்கும். இங்கே அவன் விடுமுறைக்கு வந்திருக்கிறான்.

அதற்குப் பிறகு வகுப்பு இடம் மாறியது. ஆசிரியர் அவர், மாணவன் நான். கிரிக்கெட் உதாரணத்தை மட்டும் விடச் சொன்னார். “அது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு தடவை சொல்லிவிட்டீர்கள்.” பேர்ஸின் இளம் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து பாஸ் கொடுக்கும் ஆள், கேலப் வில்லியம்ஸ் அன்று நாலு டச் டவுனுக்குப் பாஸ் கொடுத்தார். 35-16 என்று பேர்ஸ் வென்றது. ரீஸ்-ஸாமிட் ஆடவில்லை.

திரும்பி நடக்கும்போது அந்தப் பையனைப் பற்றிப் பேச்சு வந்தது. ரக்பியை விட்டுப் போனதில் இன்னும் கோபமா என்று கேட்டேன்.

நின்றுவிட்டார். “ரக்பியை விட்டதில் எனக்கு என்ன கோபம்? முதலில் கான்சஸ் சிட்டி போனான், பிறகு ஜாக்சன்வில் போனான். சிகாகோ என்று ஒரு ஊர் இருப்பது அவன் கண்ணுக்குத் தெரியவே இல்லையா?”

அன்று இரவு அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து, பரணில் ஒரு பெட்டி இருக்கிறது, இறக்க ஒரு கை கொடுக்க முடியுமா என்று கேட்டார். உள்ளே 72 எண் போட்ட பேர்ஸ் சட்டை, பெரியின் எண். அந்துப்பூச்சி இரண்டு இடத்தில் டச் டவுன் போட்டிருந்தது. வேல்ஸ்காரர் அதைத் தலை வழியாக மாட்டினார். வயிற்றில் நாலாவது பந்திலும் 10 கெஜம் கிடைக்கவில்லை.

பத்து மாதம் கழித்து, 2025 ஆகஸ்டில் ஒருநாள், வேலியோரம் கூப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு களை. ரீஸ்-ஸாமிட் அமெரிக்காவை விட்டுவிட்டு ரக்பிக்கே திரும்பிவிட்டாராம்.

“எந்த கிளப்?”

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பிரிஸ்டல் பேர்ஸ்.”

அவர் வாசலில் சீசனுக்கு முன்பே டிராகன் கொடி ஏறியிருந்தது. பின்னால், தோட்டத்துத் துணிக்கொடியில், 72 காய்ந்துகொண்டிருந்தது.