ஒரே லைனில் வந்த இரண்டு கார்கள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் மிச்சிகன் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி வந்துவிடும். "அக்கா, மாஸ்டர்ஸ் பண்ண வந்திருக்கேன். ஏழாயிரம் டாலருக்குள்ள என்ன கார் வாங்கலாம்?" உடனே பதில்கள் வரிசைகட்டும்: கரோலா, சிவிக், கேம்ரி, அக்கார்ட். நடுவில் யாராவது "ஒரு ப்யூக் நல்ல கண்டிஷன்ல இருக்கு, பாக்குறீங்களா?" என்று கேட்டால் நாலு பேர் தடுப்பார்கள். "அமெரிக்கன் கார் வேண்டாம்பா, செலவு வச்சிரும்."

அமெரிக்க கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருந்துகொண்டு இதைப் பேசுகிறோம். எங்கள் குழுவில் பலருக்குச் சோறு போடுவது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அவர்களை நம்பி நடக்கும் கம்பெனிகளும்தான். நானும் கார் பாகம் செய்யும் ஓர் இடத்தில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். வாரண்டியில் திரும்பி வரும் பாகங்களை மேசையில் வைத்துப் பிரித்து, எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று பார்ப்பது என் வேலை. ஜப்பான் பெயர் போட்ட காருக்கும் டெட்ராய்ட் பெயர் போட்ட காருக்கும் எங்களிடமிருந்து பாகம் போகிறது. அதனால் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

காரின் பெயரைப் பற்றி ஊர் நினைப்பது காரின் விலைக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இதை நேராகக் காட்ட கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அங்கே ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஓர் ஆலை இருந்தது. தொழிலாளர் தகராறுக்கும், சொல்லாமல் லீவு போடுவதற்கும் பெயர்போன இடம். 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து நம்மி என்ற பெயரில் திறந்தார்கள். பழைய தொழிலாளர்கள் பலரையே திரும்ப எடுத்தார்கள். வேலை செய்யும் முறை மட்டும் டொயோட்டாவுடையது. பிறகு ஒரே லைனில் டொயோட்டா கரோலாவும் ஜெனரல் மோட்டார்ஸ் பெயரில் விற்ற ஜியோ ப்ரிஸமும் வந்தன. பம்பரும் விளக்கும் வேறு மாதிரி இருக்கும். அடிப்படையும் இன்ஜினும் ஒன்று, முடுக்கிய கைகளும் ஒன்று. ஆனால் ப்ரிஸம் கரோலா அளவுக்கு விற்கவில்லை. செகண்ட் ஹேண்டில் ப்ரிஸத்துக்கு விலையும் குறைவு. பெரிதாக மாறியது பெயர் மட்டும்தான்.

அந்த ஆலையில் பின்னாளில் வந்ததுதான் ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் வைப். டொயோட்டா மேட்ரிக்ஸின் உடன்பிறப்பு. கல்யாணமான புதிதில் நாங்கள் வாங்கியது அதைத்தான். லிவோனியாவில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை விற்றார். அதே வருடத்து மேட்ரிக்ஸைவிட ஆயிரத்து ஐந்நூறு டாலர் குறைவு. வாங்கும் முன் பானட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது கரோலாவில் இருக்கும் அதே 1.8 லிட்டர் இன்ஜின். ரேடியேட்டர் பக்கத்து பிளாஸ்டிக் மூடியைத் திருப்பினால் டொயோட்டா முத்திரை. முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வின் நம்பர், அதாவது காரின் அடையாள எண், 5-ல் ஆரம்பித்தது. 1, 4, 5-ல் ஆரம்பித்தால் அமெரிக்காவில் ஒன்றுசேர்த்த கார். ஹாம்ட்ராமிக்கில் எங்களுக்கு வாடிக்கையான வங்காளதேச மெக்கானிக் ஒருவர் இருந்தார். வைப்புக்கு ஆயில் ஃபில்டர் வேண்டுமென்றால் பான்டியாக் என்றே சொல்ல மாட்டார். போனில் கடைக்காரரிடம் "கரோலாவுக்குக் கொடு" என்பார். வந்தது சரியாகப் பொருந்தும்.

அந்த கார் எங்களுக்குக் கடைசி வரை உழைத்தது. விற்கும்போதுதான் வேடிக்கை ஆரம்பித்தது. தமிழ்க் குழுவில் போட்டேன், தெலுங்கு நண்பர்கள் குழுவிலும் போடச் சொன்னேன். எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள், "பான்டியாக்கா?" என்று கேட்டார்கள், போனார்கள். பான்டியாக் என்ற பிராண்டையே ஜெனரல் மோட்டார்ஸ் மூடியிருந்ததும் சேர்ந்துகொண்டது. உள்ளே இருப்பது டொயோட்டா என்று விளக்கினால் பொய் சொல்கிறேனோ என்று பார்த்தார்கள். கடைசியில் வாங்கியவர் தபால்காரர் ஒருவர். அவருக்கு நம்மி ஆலையைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

வாங்கும்போது கிடைத்த ஆயிரத்து ஐந்நூறு விற்கும்போது திரும்பிப் போய்விட்டது. இதனால்தான், டொயோட்டா வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் மாணவர்களை நான் குறை சொல்வதில்லை. எச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். அந்த நிலையில் இரண்டு நாளில் கைமாறும் கார் வேண்டும். கேம்ரி என்று போட்டால் சாயங்காலமே ஆள் வந்துவிடும். ஊரில் அப்பாக்கள் மாருதி வாங்கியதற்கும் இந்தக் கணக்கு ஒரு காரணம். நம்மவர்கள் காரின் ஆயுளுக்கு மட்டும் பணம் கொடுக்கவில்லை, சீக்கிரம் விற்றுவிட்டுக் கிளம்பும் வசதிக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆனால் பச்சை அட்டை வாங்கி, வீடு வாங்கி, பத்து வருடம் ஒரே காரை ஓட்டப் போகிறவரும் அதே கணக்கைப் போடுகிறார் பாருங்கள், அங்கேதான் எனக்கு வருத்தம்.

சரி, டெட்ராய்டுக்கு இந்தக் கெட்ட பெயர் சும்மா வந்ததா? இல்லை. 1971 மாடலாக வந்த செவ்ரோலே வேகாவின் அலுமினிய இன்ஜின் சூட்டில் படாதபாடு பட்டது. உடம்பு துருப்பிடித்துக் கொட்டியது. 1978-ல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபைல் டீசல் கார், டீசல் என்றாலே அமெரிக்கர்களை ஒரு தலைமுறைக்கு ஓட வைத்தது. 1973-லும் 1979-லும் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற ஜனங்கள் சின்ன ஜப்பான் கார்களில் ஏறிப் பார்த்தார்கள், பிறகு இறங்கவில்லை. கிட்டத்துக் கதையும் இருக்கிறது. ஃபோர்டின் ஃபோக்கஸ், ஃபியஸ்டா கார்களில் 2010-களில் வந்த டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் நடுக்கமெடுத்து நீதிமன்றம் வரை போனது. ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் கோளாறு 2014-ல் வெளியே வந்தது. ஓடும்போதே சாவி நழுவி இன்ஜின் அணையும், ஏர்பேக் வேலை செய்யாது. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. பாகங்களைப் பிரித்துப் பார்க்கும் வேலையில் இருக்கும் எனக்கு அந்த எண் மறக்காது. மன்னிக்கச் சொல்லி யாரையும் கேட்க மாட்டேன்.

ஆனால் நம் ஞாபகம் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. 2009-10-ல் ஆக்ஸிலரேட்டர் பெடல், காலடி விரிப்புப் பிரச்சினைக்காக டொயோட்டா பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. 2024-ல் இன்ஜினுக்குள் உலோகத் துகள் தங்கிய சந்தேகத்தில் டன்ட்ரா டிரக், லெக்ஸஸ் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அழைத்தது. இதைச் சொன்னால் "அது என்னமோ ஒரு தடவை நடந்துருச்சு" என்கிறார்கள். செவ்ரோலேயில் ஒரு சென்சார் போனால் "அவங்க எப்பவுமே இப்படித்தான்" என்கிறார்கள். ஒரு பிராண்டின் கோளாறு விபத்தாகவும், இன்னொன்றின் கோளாறு பிறவிக் குணமாகவும் பதிந்துவிட்டது. மூன்று வருடம் ஓடிய கார்களை வைத்து ஜே.டி. பவர் என்ற ஆய்வு நிறுவனம் செய்யும் ஆய்வில் 2025-ல் சாதாரண விலைப் பிராண்டுகளில் முதலிடம் ப்யூக்குக்கு. எங்கள் குழுவில் அதைப் போட்டேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் இதற்கு நேர் எதிரான பார்வை. பக்கத்து வீட்டுப் பெரியவர் டியர்போர்னில் ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் மகன், மருமகள், பேத்தி எல்லாரும் ஊழியர் விலையில் வாங்கிய ஃபோர்டுதான் ஓட்டுகிறார்கள். டியர்போர்ன் டிரக் ஆலையில் 2006-ல், ஃபோர்டு அல்லாத காரில் வரும் ஊழியர்கள் சாலைக்கு அந்தப் பக்கம் நிறுத்த வேண்டும் என்று விதி போட்டார்கள். அவருக்கு அது நியாயமாகவே படுகிறது. இந்தப் பற்று எதுவரை போகும் என்பதற்கு இந்த ஊரில் ஒரு ரத்தச் சாட்சி உண்டு. 1982 ஜூனில் ஹைலண்ட் பார்க்கில் வின்சென்ட் சின் என்ற 27 வயது சீன வம்சாவளி இளைஞரை, கார் ஆலை மேற்பார்வையாளர் ஒருவரும் அவருடைய வளர்ப்பு மகனும் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். ஜப்பான் கார்களால் வேலை போகிறது என்று டெட்ராய்டே கொதித்துக்கொண்டிருந்த காலம். சில நாளில் அவர் இறந்தார். அடித்தவர்களுக்கு மாநில நீதிமன்றம் கொடுத்தது நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். எந்த கார் வாங்குவது என்பது வெறும் மைலேஜ் கணக்கு அல்ல என்று அந்தக் கதையைக் கேட்ட பிறகே எனக்கு உறைத்தது.

இத்தனைக்கும் எது அமெரிக்க கார் என்பதே இன்று குழப்பம். 1992-ல் போட்ட சட்டப்படி புது காரின் ஜன்னல் ஸ்டிக்கரில் அமெரிக்க, கனடா பாகங்கள் எத்தனை சதவீதம், எங்கே ஒன்றுசேர்த்தது, இன்ஜினும் கியர்பாக்ஸும் எந்த நாடு என்று போட வேண்டும். கேம்ரி 1988 முதல் கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் தயாராகிறது. ப்யூக் என்விஷன் பல வருடம் சீனாவிலிருந்து வந்தது. செவ்ரோலே ட்ராக்ஸ் தென்கொரியாவிலிருந்து. ஃபோர்டு ஷோரூம் ஒன்றில் ஈகோஸ்போர்ட்டின் ஸ்டிக்கரைப் படித்தபோது இந்தியா என்று இருந்தது. நம் மறைமலை நகரில் செய்தது! அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட் எல்லாமே அங்கிருந்து கப்பலில் வந்தவைதான். அந்த ஆலையின் வழியாக எத்தனையோ முறை செங்கல்பட்டுக்குப் போயிருக்கிறேன். ஷோரூமில் நின்று அதைக் கணவரிடம் சொன்னபோது தொண்டை அடைத்தது.

நினைப்பு விலையாக மாறுவதோடு நிற்கவில்லை, காரையே இல்லாமல் ஆக்கிவிட்டது. செடான் என்றால் ஜப்பான் என்று ஜனங்கள் முடிவு கட்ட, டெட்ராய்டும் லாபம் கொழிக்கும் பிக்அப் டிரக் பக்கம் சாய்ந்தது. 2018-ல் ஃபோர்டு அமெரிக்காவில் செடான்களைக் கைவிடுவதாக அறிவித்தது. 2024 நவம்பரில் செவ்ரோலே மாலிபூவும் நின்றது. கேடிலாக் மாதிரி சொகுசு கார் விலைக்குப் போகாமல் ஒரு டெட்ராய்ட் செடான் புதிதாக வாங்க இன்று வழியில்லை.

இந்த வருடம் திருநெல்வேலியிலிருந்து வந்த பெண்ணுக்கு நான் இரண்டு கார் காட்டினேன். 2014 ப்யூக் லக்ராஸ், 82,000 மைல், ஒரே ஓனர், சர்வீஸ் ரசீது முழுவதும் இருந்தது. இன்னொன்று 2011 கரோலா, 1,48,000 மைல். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை. ஊருக்கு வீடியோ கால் போட்டாள். "பேரே கேள்விப்பட்டதில்லையேம்மா" என்றார் அப்பா. கரோலாதான் வாங்கினாள். சரி என்று அதையே லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வைத்தேன். ரோட்டில் கொட்டும் உப்பில் மிச்சிகன் கார்களுக்குப் பிரேக் பைப் முதலில் துருப்பிடிக்கும். இதற்கும் பின் சக்கரத்துக்கு மேலே அரித்திருந்தது. நானூறு டாலர் குறைத்து வாங்கி பைப்பை மாற்றினோம். அந்த லக்ராஸை எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் சொந்தக்காரர் ஒருவர் மறுவாரம் எடுத்துக்கொண்டார்.