போஸ்டிலேயே அறுந்துகொண்டிருந்த ஜி கம்பி

ஐந்து மாதத்தில் மூன்று ஜி கம்பிகள் (நான்கு கம்பிகளில் மெல்லியது) போயின. பேஸ் கிட்டார் கம்பி அவ்வளவு எளிதில் அறாது என்று நம்பியிருந்த எனக்கு இது பெரிய குழப்பம். மூன்றும் வாசிக்கும்போது அறவில்லை. சுருதி ஏற்றும்போது, கம்பியைச் சுற்றி இறுக்கும் தண்டான ட்யூனிங் போஸ்டை ஒட்டி, ஒரே இடத்தில் அறுந்தன.

முதல் கம்பி பழசு என்று விட்டுவிட்டேன். அடுத்தது அறுந்ததும் வேறு கம்பெனிக் கம்பி வாங்கிப் போட்டேன். அது பத்தாம் நாளே போனது. அப்போதுதான் அறுந்த நுனிகளைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. முதல் கம்பியின் நுனி குப்பைக்குப் போயிருந்தது. மற்ற இரண்டும் கையில் இருந்தன. இரண்டிலும், உள்கம்பியின் மேல் சுற்றியிருக்கும் மேல்சுற்றில் ஒரே மாதிரி பளபளப்பான வெட்டு. போஸ்டின் தலையில் உள்ள பிளவிலிருந்து கம்பி வெளியே வந்து பக்கவாட்டில் திரும்புகிறதே, சரியாக அந்த விளிம்பில்.

பேஸ் கம்பியில் இழுவிசையைத் தாங்குவது நடுவில் ஓடும் மெல்லிய எஃகு உள்கம்பிதான். மேலே சுற்றியிருப்பது எடை கூட்டுவதற்கு. அதிரும் கம்பி நீளம் 34 அங்குலமுள்ள பேஸில் 045 (0.045 அங்குலத் தடிமன்) ஜி கம்பி சுருதியில் நிற்கும்போது ஏறக்குறைய 19 கிலோ இழுக்கிறது. நான்கு கம்பிகளிலும் மெல்லிய உள்கம்பி ஜி-க்குத்தான். கூரான விளிம்பு ஒன்று அதை அழுத்திக்கொண்டே இருந்தால் முதலில் விடுவது அதுவாகத்தான் இருக்கும்.

விளிம்பு கூரா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் பஞ்சை எடுத்துப் பிளவின் இரு உதடுகளிலும் இழுத்தேன். ஒரு பக்கத்தில் நூல் நூலாகப் பிடித்துக்கொண்டது. அங்கே பிசிறு இருக்கிறது என்பது அத்தோடு உறுதி.

அரம் போடவில்லை. போஸ்டுக்கு மேல் பூச்சு இருக்கிறது. அது உரிந்தால் துரு வரும். 1000 நம்பர் உப்புத்தாளை மெல்லிய பட்டையாக மடித்து, அந்த உதட்டை மட்டும் உருட்டினாற்போல் தேய்த்தேன். பிறகு பருத்திக் கயிற்றில் உலோக பாலிஷ் தடவி, பிளவுக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்தேன். போஸ்டைச் சுற்றி முதலிலேயே டேப் ஒட்டிவிட்டேன், பொடி கியருக்குள் போகாமல் இருக்க. பஞ்சு எங்கும் பிடிக்காமல் வழுக்கும்வரை, இருபது நிமிட வேலை.

பிசிறு பாதிக் காரணம்தான். மீதிப் பாதி நான் கம்பியை வெட்டிய விதம். மிச்சக் கம்பி அசிங்கமாகத் தெரியக்கூடாது என்று குட்டையாக வெட்டிவிடுவேன். போஸ்டில் ஒன்றரைச் சுற்றுதான் விழும். போஸ்டின் மேல் விழும் ஒவ்வொரு சுற்றும் உராய்வால் இழுவையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. சுற்று குறைந்தால் அந்தப் பாரம் நேரே பிளவு விளிம்புக்குப் போகிறது. இது புரிந்தபோது மூன்று கம்பிகளுக்கும் சேர்த்து விடை கிடைத்த மாதிரி இருந்தது.

அளந்து பார்த்தேன். என் போஸ்டின் குறுக்களவு 12 மில்லிமீட்டர். கம்பியின் தடிமனையும் சேர்த்தால் ஜி-க்கு ஒரு சுற்றுக்கு 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். மூன்று சுற்று, போஸ்டின் நடுத்துளைக்குள் நுனி இறங்க 2 சென்டிமீட்டர், ஆக போஸ்டைத் தாண்டி 14.5 சென்டிமீட்டர் விட்டு வெட்டுகிறேன். தடித்த ஈ கம்பிக்கு இரண்டு சுற்றே போதும், 12 விடுகிறேன். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் மேலிருந்து கீழாக வரிசையாக இறங்கும்படி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வெட்டுவதற்கு முன் மடிக்கவும் வேண்டும். வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் இடுக்கியால் செங்குத்தாக ஒரு மடிப்பு, அதற்கப்புறம்தான் வெட்டு. மடிக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியைவிட்டு நழுவலாம், முக்கியமாக உள்கம்பி உருண்டையாக இருக்கும் ரகங்களில். ஒரு ஈ கம்பியை அப்படித்தான் கெடுத்தேன். அறவில்லை, ஆனால் நாதமே இல்லாமல் தொப்பென்று கேட்டது. புதுக் கம்பி அப்படிப் போனதில் மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

நட்டையும் கவனித்தேன், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் சின்னக் கட்டையை. சுருதி ஏற்றும்போது டிங் என்று ஒரு சத்தம் வரும். கம்பி நட்டுப் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு விடுபடும் சத்தம் அது. ஒட்டியிருக்கும் நேரத்தில் நட்டுக்கும் போஸ்டுக்கும் இடையில் உள்ள துண்டு மட்டும் தேவைக்கு மேல் இறுகும். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்ததும் சத்தம் நின்றது.

நண்பன் ஒருவனின் 30 அங்குலக் குட்டை பேஸிலும் இதே புகார். அங்கே காரணமே வேறு: 34 அங்குலத்துக்கான கம்பியைப் போட்டிருந்தான். பட்டுநூல் சுற்றிய நுனி போஸ்டில் விழ வேண்டிய இடத்தில் தடித்த நடுப்பகுதி சுற்றிக்கொண்டு மேல்சுற்று பிளந்திருந்தது. அவனுடையது தட்டைச்சுற்றுக் கம்பி, மேல்சுற்று உருண்டைக் கம்பியாக இல்லாமல் தட்டைப் பட்டையாக இருக்கும் ரகம். அது கூர்மையான வளைவை இன்னும் குறைவாகத்தான் பொறுக்கும். குட்டை அளவுக் கம்பி மாற்றியதோடு சரியாயிற்று.

இப்போது இரண்டு பழக்கங்களை விட்டுவிட்டேன். கழற்றிய கம்பியை நிமிர்த்தி மறுபடி போடுவதில்லை; வளைந்த எஃகை நிமிர்த்தித் திரும்ப வளைத்தால் அந்த இடம் தளர்ந்துபோகும். பாட்டுக்காக ஒரு முழு சுரம் மேலே ஏற்றுவதும் இல்லை. அதற்கு இழுவிசை 26 சதவீதம் கூடுகிறது. அப்படிப்பட்ட பாட்டை இரண்டு ஃபிரெட் (கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பிக் கட்டம்) தள்ளி வாசித்துவிடுகிறேன்.

நான்காவது ஜி கம்பி போட்டு ஏழு மாதம் ஆகிறது, இன்னும் அறவில்லை. டி போஸ்டிலும் பஞ்சு லேசாகப் பிடித்தது. கம்பி மாட்டியிருக்கும்போது அங்கே உப்புத்தாள் போகாது. அடுத்த முறை செட் மாற்றும்போது அதையும் தேய்த்துவிடப் போகிறேன்.