சுகர் வகுப்பில் பரமபதம்: தாராவி அனுபவம்

மும்பை தாராவியில் தமிழ் ஆட்களுக்காக நாங்கள் நடத்தும் சுகர் வகுப்பில் இப்போது படம் போட்டுப் பாடம் எடுப்பதில்லை, பரமபதம் ஆடுகிறோம். இதே வேலையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

பாடம் நடத்தினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், "புரிஞ்சுதாக்கா?" என்றால் "நல்லா புரிஞ்சுது" என்பார்கள். ஆனால் சர்க்கரையோடு இருப்பவர் வீட்டில் தனியாக, அந்த நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டும், அதற்குக் கேட்டுக்கொண்டிருந்தால் மட்டும் பழக்கம் வராது. பரமபதத்தைப் பிடித்ததற்குக் காரணம், வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழித்து ஆடியவர்கள் பலர் இருந்தார்கள், விதி சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மாற்றினோம். பாம்பின் தலையில் காய் நின்றால் உடனே இறங்க வேண்டாம், ஓர் அட்டையை எடுத்து அந்த நிலைமையில் என்ன செய்வீர்கள் என்று சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று மற்றவர்கள் பேசி முடிவு செய்வார்கள், நாங்கள் கடைசியில்தான் வாயைத் திறப்போம்.

அதிகம் சண்டை வந்த அட்டை இது: 'விடியற்காலை மாத்திரை போட்டாச்சு, இட்லி அண்டாவை சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பியாச்சு, இன்னும் சாப்பிடலை, கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது.' ஒருவர் பிஸ்கட் என்றார், ஓர் ஆச்சி சாக்லேட் என்றார், இட்லி வியாபாரம் பார்க்கிற அண்ணாச்சியோ "கொஞ்சம் உக்காந்தா சரியாயிரும், எனக்கு அடிக்கடி வரும்" என்றார். அவருக்கு அடிக்கடி வருகிறது என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்! அப்புறம் அதைப் பற்றியே வெகுநேரம் பேசினோம். ரத்தத்தில் சர்க்கரை அளவு 70க்குக் (mg/dL) கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு, ஏறியதும் சாப்பாடு. சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். சுகருக்குப் போடும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இப்படி இறங்கும், மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சுகர் மாத்திரையை மட்டும் போடுபவர்களுக்கு இது அபூர்வம். அண்ணாச்சி மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், எந்த நேரத்துக்குப் போடுவது என்று கேட்டுவந்தார். படம் போட்டு இதைச் செய்ய வைத்திருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

மழைக்காலத்துக்கென்று ஓர் அட்டை உண்டு, சந்தில் தண்ணீர் தேங்கும் நாளில் வீட்டுக்கு வந்ததும் பாதத்தை என்ன செய்வது என்று. பதில் சொன்னால் போதாது, அங்கேயே கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். ஓர் அக்காவின் குதிகால் வெடிப்புக்குள் ஈரம் இருந்தது. வலிக்கவே இல்லையே என்றார். சுகரால் நரம்பு மரத்துப்போன காலில் வலி வராது, அதனால்தான் தினமும் கண்ணால் பார்க்கச் சொல்கிறோம்.

சாப்பாட்டு அட்டைகள் அவ்வளவாக எடுபடவில்லை, எல்லோருக்கும் பதில் முன்பே தெரிந்திருந்தது.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். யாருடைய சொந்த ரிப்போர்ட்டையும், மூணு மாச சர்க்கரை சராசரியையும் (HbA1c) ஆட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது. அந்தச் சராசரி 7 சதவீதத்துக்கு மேல் இருப்பவர் நாலு பேர் முன்னால் கூசிப்போனால் அடுத்த வாரம் வரமாட்டார், வர வேண்டியவரே அவர்தான். பரிசும் வேண்டாம், ஜெயிப்பதில் புத்தி போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

இப்போது இன்சுலின் போடுபவர்களுக்காக வயிறும் தொடையும் வரைந்த அட்டை ஒன்று தயார் செய்திருக்கிறோம். குத்திய இடத்திலேயே குத்தினால் கட்டி தட்டிவிடும், மருந்தும் ஒழுங்காக ஏறாது, அதனால் ஊசி குத்தும் இடத்தைக் காட்ட, ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலமாவது தள்ளி அட்டையில் புளியங்கொட்டை வைக்க வேண்டும். இன்னும் ஆடிப் பார்க்கவில்லை. வேறு ஊரில் யாராவது இப்படி ஏதாவது செய்திருந்தால் சொல்லுங்கள்.