இலக்கமாகத் தெரிவதெல்லாம் எண் அல்ல

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்று 250 ரூபா என்று வையுங்கள். தட்டுவதை வாங்கும் இன்புட் மூலம் விலையை வாங்கி மூன்றால் பெருக்கும்படி பைதன் நிரல்மொழியில் எழுதினால் 750 வராது, 250250250 வரும். பைதன் 3இல் இன்புட் எதையும் ஸ்ட்ரிங்காகவே, அதாவது எழுத்துகளின் சரமாகவே தரும். ஸ்ட்ரிங்கைப் பெருக்கினால் அதையே மூன்று தடவை ஒட்டி எழுதிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதே விலையோடு 50ஐக் கூட்டியிருந்தால் டைப்எரர் என்று நிரல் நின்றிருக்கும். நிற்கிற பிழையைத் திருத்தலாம். பேசாமல் ஓடுகிற பிழைதான் ஆபத்து.

ஆகவே வாங்கிய இடத்திலேயே இன்டாக, அதாவது முழு எண்ணாக மாற்றுங்கள். நிறைக்கு அது சரிவராது: 2.5 கிலோ என்று தட்டினால் வேல்யூஎரர் வரும், அங்கே தசம எண்ணுக்கான ஃப்ளோட் வேண்டும்.

உயர்தரத்துக்குப் பைதன் படிப்பவர்கள் இலக்கங்களைக் கண்டதும் இன்ட் போடுகிறார்கள். இரண்டைக் கூட்டினால் வரும் விடைக்குப் பொருள் உண்டா என்று முதலில் கேளுங்கள். இரண்டு தொலைபேசி இலக்கங்களைக் கூட்டி என்ன பயன்? அவை ஸ்ட்ரிங். 021இல் தொடங்கும் யாழ்ப்பாண இலக்கத்தை இன்டாக்கினால் முன்னாலுள்ள சைபர் போய்விடும். இலங்கையின் பழைய அடையாள அட்டை எண்ணில் 9 இலக்கங்களுக்குப் பின் ஓர் ஆங்கில எழுத்து இருப்பதால் மாற்றவே முடியாது. புதியதன் 12 இலக்கங்களைப் பைதன் ஏற்கும். ஆனால் ஜாவா என்ற நிரல்மொழியின் இன்ட் 2147483647க்கு மேல் கொள்ளாது.

காசுக்கு ஃப்ளோட் வேண்டாம். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 வரும். மூன்றில் ஒன்று தசமத்தில் 0.333 என்று முடியாமல் நீள்வதுபோல, 0.1 இரும எண்முறையில் முடிவதில்லை. கடைக் கணக்கைச் சதத்தில் இன்டாக வையுங்கள்: 250.50 ரூபா என்றால் 25050. காட்டும்போது மட்டும் 100ஆல் பிரித்தால் போதும்.

ட்ரூ (உண்மை), ஃபால்ஸ் (பொய்) என்ற இரண்டையே கொள்ளும் பூலியன் இலகு. ஆனால் வெறுமையில்லாத எந்த ஸ்ட்ரிங்கையும் பூல் ட்ரூ என்றே கொள்ளும், மேற்கோள்குறிக்குள் ஃபால்ஸ் என்று எழுதியிருந்தாலும்.

தமிழ் ஸ்ட்ரிங்தான் பலரையும் தடுமாற வைப்பது. ‘யாழ்ப்பாணம்’ நமக்கு 6 எழுத்து, நீளத்தை எண்ணும் லென் சொல்வது 11. ‘ா’ என்ற அரவும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனிக் குறிகள். முதல் ஐந்தை வெட்டினால் ‘யாழ்ப’ என்று புள்ளி இழந்து நிற்கும். ரீஜெக்ஸ் என்ற தொகுதியைத் தனியாக நிறுவி, பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் கொண்ட கோலத்தால் பிரித்தால் ஆறு எழுத்தும் முழுதாக வரும். பைதனோடு வரும் ரீ தொகுதியில் அந்த வசதி இல்லை.