எலிக்கட்டி தின்ற நாய் மறுநாள் நன்றாகத்தான் இருக்கும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் சாட்ஸ்வொர்த்தில் எலி மருந்து என்றாலே ‘டூ ஸ்டெப்’தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். தெருவில் கள்ளத்தனமாக விற்கும் அந்தக் கறுப்புக் குருணை நரம்பைத் தாக்குவது. தின்ற நாய் சீக்கிரமே விழுந்து துடிக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்கள், கடையில் வாங்கிய எலிக்கட்டியைத் தின்ற நாய் மறுநாள் வாலாட்டினால் தப்பித்துவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் எனக்கு அதைக் கேட்டாலே வயிறு கலங்கும்.

அந்தக் கட்டியில் பெரும்பாலும் புரோடிஃபாக்கம் போன்ற மருந்துதான் இருக்கும். அது நேராக ரத்தத்தில் வேலை செய்வதில்லை, ஈரலில் உள்ள ஓர் என்சைமை முடக்குகிறது. ரத்தம் உறைய 2, 7, 9, 10 என்ற எண்களுள்ள காரணிகள், அதாவது சில புரதங்கள், வேண்டும். அவற்றை ஈரல் செய்து முடிக்க வைட்டமின் கே தேவை. ஒருமுறை செலவான வைட்டமினை மறுபடி உபயோகத்துக்குக் கொண்டுவருவதுதான் அந்த என்சைமின் வேலை. அது நின்றுபோனாலும், ஏற்கெனவே ரத்தத்தில் உள்ள காரணிகள் கொஞ்ச காலம் தாங்கும். 7ஆம் காரணிதான் முதலில் தீரும். சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். மற்றவை அதற்குப் பின்தான் குறையும். ஆக, மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் ஈறில் ரத்தம் கசியும், நெஞ்சுக்குள் ரத்தம் கட்டி மூச்சு வாங்கும்.

நம் பெரியவர்கள் இதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் கட்டாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரினும் இதே வகைதான். 1948இல் எலி மருந்தாகத்தான் அது முதலில் கடைக்கு வந்தது. ஆனால் புரோடிஃபாக்கம் அதைவிடப் பிடிவாதமானது, ஈரலில் மாதக்கணக்கில் தங்கும்.

பென்ஷன் பணத்தில் வாழும் ஓர் ஆயா, நாய் நன்றாகச் சாப்பிடுகிறதே என்று இந்த விஷத்துக்கு மாற்றான வைட்டமின் கே1 மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த மாத்திரை விலை அப்படி. அவரை எப்படிக் குறை சொல்வது? நாய் மூச்சுத் திணறலோடு திரும்பி வந்தது. உறைய வைக்கும் காரணிகள் உள்ள ரத்தத் திரவமான பிளாஸ்மாவை ஏற்றிப் பிழைக்க வைத்தோம்.

மாத்திரையை வாரக்கணக்கில், கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். கடைசி மாத்திரைக்கு இரண்டு நாள் கழித்து ரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்த பிறகே சிகிச்சை முடிந்தது என்று சொல்லலாம். வைட்டமின் கே3 என்று விற்பது இதற்கு உதவாது. தின்று சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் வாந்தி எடுக்க வைத்தே பெரும்பகுதியை வெளியேற்றிவிடலாம். அப்புறம், காலிப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், நாயோடு அதையும் எடுத்து வாருங்கள். எத்தனை வாரம் மாத்திரை வேண்டும் என்பதை அதில் உள்ள மருந்தின் பெயரைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.