தலைப்பில் இல்லாத அம்மா

"என்ன பலம்!" டீக்கடைத் தொலைக்காட்சியில் கால்பந்து வர்ணனையாளர் வியந்தார். ஓடியவர் கறுப்பின வீரர்.

அடுத்த நிமிடம் வெள்ளை வீரர் ஒருவர் பந்தைத் தட்டிவிட்டார். "என்ன புத்திசாலித்தனம்!"

முதலாமவர் ஓடும் முன் தலையைத் திருப்பி, எங்கே இடைவெளி என்று பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

2018 டிசம்பரில் இங்கிலாந்தின் கறுப்பினக் கால்பந்து வீரர் ரஹீம் ஸ்டெர்லிங் இன்ஸ்டாகிராமில் இரண்டு செய்திகளை அருகருகே வைத்தார். இரண்டும் மான்செஸ்டர் சிட்டி அணியின் இளம் வீரர்கள் இருவரைப் பற்றியவை. இருவரும் அம்மாவுக்கு வீடு வாங்கியவர்கள்.

வெள்ளையரான ஃபில் ஃபோடனின் தலைப்பில், அம்மாவுக்குப் புது வீடு.

கறுப்பினத்தவரான டோசின் அடராபியோயோவின் தலைப்பில் வாரச் சம்பளம், மாளிகையின் விலை, இங்கிலாந்தின் உயர்மட்டத் தொடரான பிரீமியர் லீக்கில் ஓர் ஆட்டத்தில்கூடத் தொடக்கம் முதல் களமிறங்காதவர் என்ற குத்தல்.

அம்மாவைக் காணவில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அதுதான் வலிக்கிறது.