ஆற்று வடிகால் வகைப்பாடு: ஆழ்கற்றலுக்கு முன் செய்ய வேண்டியவை

ஆறும் கிளைகளும் நிலத்தில் அமையும் வடிவங்களை, அதாவது ஆற்று வடிகால் அமைப்புகளை, ஆழ்கற்றலால் (பல அடுக்கு நரம்பணு நெட்வொர்க்கைத் தரவால் பயிற்றுவிக்கும் கணினி முறை) வகைப்படுத்துவதை ஆய்வுத் திட்டமாக எடுக்கும் மாணவர்கள், எந்த நெட்வொர்க் சிறந்தது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என் முதுநிலைத் திட்டத்தில் பெரும்பகுதி நேரம் தரவுக்கே போனது. அந்த நேரம் வீணாகவில்லை.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்த நில உயரத் தரவு (எஸ்ஆர்டிஎம்), சுமார் 30 மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து ஓடைகளை வரைய டி8 முறையே வழக்கம்: நிலத்தைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு கட்டத்தின் நீரும், சுற்றியுள்ள எட்டில் மிகச் சரிவான கட்டத்துக்குப் போகும். சரிவே இல்லாத சமவெளியில் இம்முறை பக்கம்பக்கமாக நேர்கோடுகளைக் கிழித்துவிடும். நிலத்தில் இல்லாத அந்தக் கோடுகளை மாதிரி (நாம் பயிற்றுவிக்கும் நெட்வொர்க்) 'இணை வடிகால்' (ஓடைகள் பக்கம்பக்கமாக ஓடும் வகை) என்று கற்றுக்கொள்ளும். ஓடைகளைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்துப் பார்த்து, பொய்யானவற்றை நீக்குங்கள்.

ஒவ்வொரு படுகைக்கும் (ஓர் ஆற்றுக்கு நீர் வந்துசேரும் நிலப்பரப்பு) வடிகால் வகையைப் பெயரிடும்போது நிலவியல் வரைபடம் பக்கத்தில் இருக்கட்டும். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மடிப்பு மலைகளில் கடினமான மணற்கல் முகடுகளுக்கு நடுவே மென்பாறைப் பள்ளத்தாக்குகள் நீள்கின்றன; அங்கே பின்னல் வடிகால். நியூயார்க்கின் அடிரோண்டாக் பகுதியில் பாறை விரிசல்களும் பிளவுகளும் வழிநடத்துவதால் செவ்வக வடிகால். இரண்டிலும் கிளைகள் ஏறக்குறைய செங்கோணத்தில் சேர்வதால், கோணத்தை மட்டும் நம்பும் மாதிரி தடுமாறும். பின்னலில் நீண்ட இணை ஆறுகளோடு குட்டைக் கிளைகள் சேரும். செவ்வகத்தில் ஆறே சட்டெனத் திரும்பும். ஆகவே கிளை நீளத்தையும் வளைவையும் சேர்த்துக் கொடுங்கள். சங்கமங்களை முனைகளாகவும் ஓடைத் துண்டுகளை இணைப்புகளாகவும் கொண்ட கோட்டுரு நெட்வொர்க்கில் இவற்றை நேரடியாகச் சேர்க்கலாம். படத்தை மட்டும் பார்க்கும் நெட்வொர்க்கைவிட இதுவே எனக்குப் பிடித்த வழி.

தரவை வெட்டும் எல்லையும் முக்கியம். அமெரிக்காவின் ரெய்னியர் எரிமலையை முழுதாக எடுத்தால் ஆரப்போக்கு வடிகால் (உச்சியிலிருந்து எல்லாப் பக்கமும் ஓடைகள் இறங்கும் வகை). ஒரு சரிவை மட்டும் வெட்டினால் இணை வடிகால் போலத் தெரியும்.

பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவைப் பிரிக்கையில் படுகை வாரியாகப் பிரியுங்கள். ஒரே படுகையின் துண்டுகள் இருபக்கமும் இருந்தால் மதிப்பெண் பொய்யாக உயரும். மரக்கிளை வடிகாலே மிகுந்திருப்பதால் மொத்தத் துல்லியத்தையும் நம்ப வேண்டாம். வகைவாரி எஃப்1 மதிப்பை (தவறாகச் சேர்த்தவை, தவறவிட்டவை இரண்டையும் கணக்கில் கொள்ளும் அளவு) காட்டுங்கள்.

வாய்மொழித் தேர்வுக்குத் தவறாக வகைப்பட்ட படுகைகளை நிலவியல் வரைபடத்தோடு அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பாதி அவற்றைப் பற்றியவை.